ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்: 70 சதவீதமா, 99 சதவீதமா?

துடைக்கவும் கிருமி நீக்கவும் உதவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவம் 70 சதவீதம், 99 சதவீதம் (மீதி நீர்) என இரண்டு புட்டிகளில் வருகிறது; எதை வாங்குவது, எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் செல்போன் பழுது பார்ப்பவன் நான். சாரல் காலம் வந்தால் குற்றால அருவியில் நனைந்த போன்கள் வரிசையாக வந்து சேரும். பிரித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டில் பச்சைக் களிம்பு பூத்த இடத்தை 99 சதவீதத்தில் தோய்த்த பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்ப்பேன். களிம்பு உதிரும், திரவம் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு தடமின்றிப் பறந்துவிடும்.

கிருமிக்கோ 70தான் சரி. நீர் சேர்ந்தால்தான் கிருமியின் புரதம் எளிதில் குலையும். சட்டென ஆவியாகாமல் நின்று வேலை செய்யவும் நேரம் கிடைக்கும். விலை கூடினால் வீரியமும் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

வீட்டில் பேனா மைக் கறைக்கும் ஸ்டிக்கர் பசைக்கும் நல்லது. பாலிஷ் போட்ட மரத்தில் படவிடாதீர்கள். ஆலைகளில் மருந்து, அச்சு மை, பெயின்ட் ஆகியவற்றுக்குக் கரைப்பான்.

குடித்தால் நஞ்சு. ப்ளீச்சிங் பவுடருடன் கலக்கவே கூடாது. சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் இதன் ஆவி தீப்பற்றும் என்பதால், சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கும்போது என் புட்டி அடுத்த மேசைக்குப் போய்விடும்.