கற்றாழை க்ரீமும் பாரபென் பயமும்

கேள்வி: எனக்கு வயது 34. கடை க்ரீம்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் என்ற ப்ரிசர்வேட்டிவ் புற்றுநோயை வரவழைக்கும் என்று படித்ததால், வீட்டுக் கற்றாழையை மிக்ஸியில் அடித்து, தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து முகத்துக்கு நானே க்ரீம் செய்கிறேன். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் 4 உடைத்து ஊற்றுகிறேன். முதல் 2 வாரம் நன்றாக இருந்தது. இப்போது கன்னத்திலும் தாடையிலும் சின்னச் சின்ன சீழ்க் கொப்புளங்கள். க்ரீமின் வாசனை மாறவில்லை. மேலே மட்டும் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் என்று விற்கவும் யோசிக்கிறேன். கெமிக்கல் சேர்க்காமல் இதைக் கெடாமல் செய்ய வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்த க்ரீமை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாசனை மாறவில்லை என்பதால் அது கெடவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கிராமில் லட்சக்கணக்கான பாக்டீரியா பெருகிய பிறகும் க்ரீம் பார்வைக்குப் புதிதாகவே இருக்கலாம். கறுப்புப் புள்ளியும் புளித்த வாடையும் வருவது கடைசிக் கட்டத்தில்தான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மயிர்க்கால் அழற்சி போலத் தெரிகிறது. க்ரீமில் வளர்ந்த கிருமி காரணமாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைத்து வந்த பருவாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல மருந்து. பரு வரும் முகத்துக்கு அது ஒத்துவராது. ஒவ்வாமை என்றால் இப்படி இருக்காது: பூசிய 1 முதல் 3 நாளுக்குள் அரிப்புதான் முதலில் வரும், தோல் சிவந்து தடிக்கும், பிறகு செதில் உதிரும், சீழ் கட்டுவது அபூர்வம். எலுமிச்சை பூசிய தோலில் வெயில் பட்டால் வருவது இன்னொரு வகை. முதலில் எரிந்து சிவக்கும், பிறகு பழுப்புத் திட்டாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். அதனால் எலுமிச்சைச் சாற்றை முக க்ரீமில் எந்த அளவிலும் சேர்க்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மென்மையான க்ளென்சரால் 2 வேளை முகம் கழுவுங்கள், வேறெதுவும் பூசாதீர்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். கொப்புளம் பரவினால், வலித்தால், காய்ச்சல் வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். க்ரீம் பட்டுக் கண் சிவந்து வலித்தால், அதுவும் நீங்கள் கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஈரப் பொருட்களில் விரும்பி வளரும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கருவிழியை ஓரிரு நாளில் பாழாக்கக்கூடியது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் கலந்த ட்யூபை மட்டும் வாங்கிப் பூசிவிடாதீர்கள். ஸ்டீராய்டு என்பதால் 2 நாளில் சிவப்பு அடங்கியதுபோல் தெரியும். தொடர்ந்து பூசினால் தொற்று பரவும், தோல் மெலியும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

இனி க்ரீம் ஏன் கெட்டது என்று பார்ப்போம். தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும். அரைத்த கற்றாழை என்பது பெரும்பகுதி தண்ணீர், மீதி கிருமிக்குத் தீனியான சர்க்கரைப் பொருட்கள். வைட்டமின் ஈ செய்வது ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய் காற்றுபட்டுச் சிக்குவாடை அடிக்காமல் தள்ளிப்போடும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது தடுக்காது. ரோஸ்மேரி சாறும் அப்படித்தான். ‘இயற்கை ப்ரிசர்வேட்டிவ்’ என்று விற்கப்பட்ட கிரேப்ஃப்ரூட் (எலுமிச்சை இனப் பழம்) விதைச் சாறுகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, கிருமியைக் கொன்றது அவற்றில் கலந்திருந்த பென்சிதோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள் என்று தெரிந்தது. சிலவற்றில் நீங்கள் பயப்படும் மெத்தில் பாரபெனே இருந்தது. க்ரீம் பிரிந்ததற்கும் காரணம் உண்டு. தேன்மெழுகு தனியாக நின்று எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்காது, கெட்டிப்படுத்தும், அவ்வளவே. பிரிந்து நிற்கும் அந்தத் தண்ணீரில்தான் கிருமி முதலில் பெருகும்.

பாரபென் பயம் எங்கிருந்து வந்தது? 2004ல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாரபென் இருப்பதாக ஓர் ஆய்வு வெளியானது. நல்ல திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. பாரபென்தான் கட்டியை உண்டாக்கியது என்று அது நிரூபிக்கவில்லை. ப்ரொப்பைல், ப்யூட்டைல் வகைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போன்ற மெல்லிய செயல்பாடு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை 0.14 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. மெத்தில், எத்தில் வகைகளுக்கு 0.4 சதவீதம் வரை அனுமதி. போதுமான தரவு இல்லாத வேறு 5 வகைகளுக்கு 2014ல் தடை வந்தது. பயத்தில் பாரபெனைக் கைவிட்ட கம்பெனிகள் பல, மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. அது ஒவ்வாமையை அள்ளிக் கொடுத்தது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013ல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாத பொருட்களில் ஐரோப்பா 2017ல் அதைத் தடைசெய்தது. அதே அமெரிக்கச் சங்கம் 2019ல் பாரபெனை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று அறிவித்தது. நீங்கள் பாரபெனைத் தவிர்க்க நினைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் உள்ள க்ரீமில் ப்ரிசர்வேட்டிவே வேண்டாம் என்பதுதான் ஆபத்து.

கெமிக்கலே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தால், தண்ணீரை விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் தைலமும் நலங்கு மாவும் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததற்குக் காரணம், ஒன்றில் தண்ணீர் வற்றக் காய்ச்சப்பட்டது, மற்றொன்றில் பூசும் நேரத்தில்தான் சேர்க்கப்பட்டது. தைலம் காய்ச்சும்போது பச்சைக் கற்றாழை, செம்பருத்தி, கறிவேப்பிலை எதைப் போட்டாலும், கசடை எடுத்து விரலால் உருட்டினால் மெழுகுபோல் திரள வேண்டும். நுரை அடங்கியிருக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு, ஒரு பஞ்சுத் திரியைத் தைலத்தில் தோய்த்துத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். சடசடவென வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி காய்ச்ச வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் வடிகட்டலாம்.

உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் பாம் செய்ய நல்லெண்ணெய் 80 கிராம், தேன்மெழுகு 20 கிராம் போதும். மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். நேரடியாகத் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சற்று ஆறியதும் வைட்டமின் ஈ எண்ணெய் 0.5 கிராம் சேருங்கள்; அதற்கு உரிய இடம் இதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும், ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்கு அந்த பாம் நிற்காது. அதைத்தான் போடுவேன் என்றால் மெழுகை 25 கிராம் ஆக்கி எண்ணெயை 75 ஆகக் குறையுங்கள். ஈர விரலை டப்பாவுக்குள் விட்டால் இதிலும் பூஞ்சை வரும்.

நலங்கு மாவுக்குப் பாசிப்பயறு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் எல்லாமே நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். கஸ்தூரி மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பதே நல்லது. நிறத்துக்காக மஞ்சள் தூளில் லெட் குரோமேட் என்ற ஈய உப்பைக் கலக்கும் மோசடி நடப்பதுண்டு. குழைத்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள், ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்க வேண்டாம்.

க்ரீம்தான் வேண்டும் என்றால் 100 கிராமுக்கு இந்த அளவு. டிஸ்டில்டு வாட்டர் 76.2, கிளிசரின் 4, சாந்தன் கம் 0.3, 200 மடங்கு செறிவுள்ள கற்றாழைப் பொடி 0.4, சூரியகாந்தி அல்லது ஜோஜோபா எண்ணெய் 10, ஆலிவிலிருந்து எடுக்கும் எமல்சிஃபையிங் வேக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்கும் மெழுகு) 6, செட்டைல் ஆல்கஹால் 2, பென்சைல் ஆல்கஹாலும் டீஹைட்ரோஅசிட்டிக் அமிலமும் சேர்ந்த ப்ரிசர்வேட்டிவ் 0.8, வைட்டமின் ஈ 0.3 கிராம். இந்த ப்ரிசர்வேட்டிவ் கலவை ஐரோப்பிய இயற்கை அழகுசாதனத் தரச்சான்றுகளிலும் ஏற்கப்பட்டது. அது ஆய்வகத்தில் தயாராவதுதான். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 0.4 கிராம் பொடியைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 80 கிராம் கற்றாழைச் சாற்றுக்குச் சமம், அதனால் பச்சைக் கற்றாழையை இழந்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம்.

கற்றாழைப் பொடிக்கென்று 5 கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தனியே மூடி வையுங்கள். சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டு மீதித் தண்ணீரைச் சேருங்கள், நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். எண்ணெய், வேக்ஸ், செட்டைல் ஆல்கஹாலை வேறு பாத்திரத்தில் எடுத்து, இரண்டையும் 75 டிகிரிக்குக் கொண்டுவந்து 20 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். ஆவியாகிப்போன தண்ணீரை எடைபோட்டு ஈடுகட்டுங்கள். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் 2, 3 நிமிடம் விட்டுவிட்டு அடியுங்கள். பிறகு ஆறும்வரை கரண்டியால் கிளறுங்கள். 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ப்ரிசர்வேட்டிவ், வைட்டமின் ஈ, கரைத்த கற்றாழைப் பொடி. சூட்டில் ஊற்றினால் பென்சைல் ஆல்கஹால் ஆவியாகிப்போய், போட்ட அளவு க்ரீமில் நிற்காது. எடைக்கு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு கட்டாயம் வேண்டும், ஸ்பூன் கணக்கு இங்கே எடுபடாது.

அடுத்தது பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும். 1 கிராம் க்ரீமை 9 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, பிஹெச் ஸ்ட்ரிப்பால் பாருங்கள். 5.0 முதல் 5.5க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் 10 சதவீத சிட்ரிக் ஆசிடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மறுபடி பாருங்கள். மறுநாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊறுகாயில் போடும் சோடியம் பென்சோவேட்டையும் பொட்டாசியம் சார்பேட்டையும் க்ரீமில் போட்டுவிட்டு, ‘அப்படியும் பூஞ்சை பிடிக்கிறதே’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் அளந்திருக்க மாட்டார்கள். கிருமியின் உடலுக்குள் புகுவது அயனியாகப் பிரியாத அமில வடிவம் மட்டுமே. பிஹெச் 5ல் பென்சோவேட்டில் சுமார் 14 சதவீதமும் சார்பேட்டில் சுமார் 37 சதவீதமும் அந்த வடிவில் இருக்கும். பிஹெச் 6ல் அவை முறையே சுமார் 2 சதவீதமாகவும் 5 சதவீதமாகவும் சரிந்துவிடும். பென்சோவேட் போட்ட க்ரீமில் வைட்டமின் சி சேர்க்காதீர்கள், இரண்டும் வினைபுரிந்து பென்சீன் உருவாக வாய்ப்புண்டு.

வாசனை எண்ணெய் வேண்டும் என்றால் முகத்துக்கு 100 கிராமில் 0.5 கிராம், அதாவது ஏறக்குறைய 10 சொட்டுதான் உச்சம். பட்டை, கிராம்பு எண்ணெய்கள் வேண்டாம். குழந்தைக்குப் பூசும் எதிலும் கற்பூரம் சேர்க்காதீர்கள். அது தோல் வழியாகவும் உள்ளே போய் வலிப்பை வரவழைக்கும்.

வாய் அகன்ற டப்பாவுக்குப் பதில் பம்ப் பாட்டிலோ ட்யூபோ எடுங்கள். வெந்நீரில் கழுவி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தெளித்து, முழுக்கக் காயவிட்டு நிரப்புங்கள். தேதி எழுதி ஒட்டி, 3 மாதத்தில் தீர்த்துவிடுங்கள். புதிதாகச் செய்த எதையும் முகத்தில் பூசுமுன் முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் 2 வேளை, 7 நாள் பூசிப் பாருங்கள். ஒரே நாள் பூசிப் பார்ப்பதில் ஒவ்வாமை பல நேரம் தெரியாது.

விற்பது வேறு விஷயம். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். அது காஸ்-8 என்ற படிவத்தில் வரும். நலங்கு மாவுக்கும் இது பொருந்தும். க்ரீம் என்றால் அதோடு நிற்காமல், வேண்டுமென்றே கிருமிகளைச் செலுத்தி 28 நாள் கவனிக்கும் சோதனையையும் ஓர் ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். சர்வதேசத் தரப்படி 1 கிராமில் 1,000க்கு மேல் கிருமி இருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 100தான். அடுக்களையில் செய்ததை உங்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கு நலங்கு மாவின் செய்முறையை எழுதிக் கொடுங்கள்.