பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் நம்பரைப் பாருங்கள்

அம்மம்மா வீட்டுக் கொட்டிலில் கிடந்த போர்க்கால பி.எஸ்.ஏ. எம் 20 மோட்டார் சைக்கிளைத் திருத்துகிறீர்கள், அது எங்கே ஓடியது, யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அதை இன்னும் பெயிண்ட் வேலைக்குக் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்துவிட்டால் பாதி வரலாறு கராஜ் தரையில் தூளாகக் கிடக்கும்.

நான் திருகோணமலை. உப்புவெளியில் பெரியப்பா வீட்டில் இருந்த எம் 20 ஐ எடுத்துத் திருத்தினேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு: 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று டொக்யார்டில் நின்ற பைக், நேவிக்காரன் ஓட்டியது, 1957 இல் பிரிட்டிஷ் நேவி தளத்தை விட்டுப் போகும்போது அப்பப்பா ஏலத்தில் எடுத்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முதலில் நம்பர்கள். செசி நம்பர் முன்பக்கம், ஹேண்டில் கழுத்துப் பகுதியில் இருக்கும். போர்க்கால வண்டி என்றால் டபிள்யூ.எம் 20 என்று தொடங்கும். எஞ்சின் நம்பர் கிராங்க் கேஸில், சிலிண்டருக்குக் கீழே. நம் ஊர் உப்புக்காற்றில் இரண்டும் துருவேறித்தான் கிடக்கும். கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் பூசி, பித்தளை பிரஷால் மெதுவாகத் தேய்த்து, இரவில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பி வரும். இரண்டு நம்பரும் ஒன்றாக இல்லையே, எஞ்சின் மாற்றிய வண்டியா என்று பயப்பட வேண்டாம், பி.எஸ்.ஏ. தொழிற்சாலையிலேயே அப்போது வேறு வேறு நம்பர்தான் போட்டார்கள். போர்க்காலத்தில் மட்டும் சுமார் 126,000 எம் 20 செய்திருக்கிறார்கள், ஆகவே அந்த நம்பர் இல்லாமல் உங்கள் வண்டியைப் பிரித்தறிய முடியாது. நம்பர் கையில் வந்ததும் பிரிட்டனில் உள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே உள்ள தொழிற்சாலைப் பேரேடு எப்போது, எந்தக் களஞ்சியத்துக்கு வண்டி போனது என்பதைத்தான் சொல்லும். எந்தச் சிப்பாய் ஓட்டினான் என்று அதில் இருக்காது.

அடுத்தது டாங்க். என்னை உலுக்கியது அதுதான். 1000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) ஈரமாக வைத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், ஒவ்வொரு பூச்சாக இறக்கினேன். இரண்டு மாலை போனது. வெள்ளை எழுத்தில் சி என்ற ஆங்கில எழுத்தும் அதன் பின்னால் ஏழு இலக்கமும் தெரிந்தபோது கை நடுங்கிவிட்டது. சி என்பது தரைப்படை தன் மோட்டார் சைக்கிள்களுக்குப் போட்ட எழுத்து. நேவி வண்டி என்றால் இலக்கத்தின் பின்னால் ஆர்.என். என்று இருக்கும், சீனன்குடா விமானப்படை வண்டி என்றால் ஆர்.ஏ.எஃப். என்று தொடங்கும். நம் ஊரில் மூன்று படையும் இருந்ததால் இந்த ஒரு எழுத்து மிக முக்கியம்.

நேவிக் கதை அங்கேயே முடிந்தது. 1942 உம் நிற்கவில்லை: டாங்கைக் கழற்றியபோது அதன் அடியிலும், டூல் பொக்ஸ் மூடியின் உள்பக்கத்திலும், யாரும் திரும்பப் பெயிண்ட் அடிக்காத இடங்களில், இரும்பை ஒட்டியே இருந்தது ஒலிவ் பச்சை. பிரிட்டிஷ் படை அந்த நிறத்துக்கு மாறியது 1944 இல், அதற்கு முன் ஒரு மண்ணிறம். கால்மிதியிலும் ரப்பர் இல்லை, வெறும் இரும்பு. ஹேண்டில் பிடி கன்வஸ். மலாயா ஜப்பானிடம் விழுந்தபின் ரப்பரை மிச்சம்பிடிக்கச் செய்த வேலை அது. அந்த நாட்களில் நேச நாடுகளுக்குப் பெருமளவு ரப்பர் போனது நம் இலங்கைத் தோட்டங்களிலிருந்துதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், முதல் பதிவுத் திகதிதான் வண்டி பொதுமக்கள் கைக்கு வந்த கணக்கு. எங்களுடையதில் 1951. ஏலக் கதையும் போயிற்று.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லப் பயந்தேன், அவருக்கு 82 வயது, அந்தக் கதையோடு வளர்ந்தவர். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டாங்கைத் தடவிப் பார்த்து, "மேலே இருந்த நீலம் நான் அடிச்சது தம்பி, பதினேழு வயசில, வள்ளத்துக்கு வாங்கின பெயிண்டில மிச்சம்" என்றார். அதுவரை யாருக்கும் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் கேளுங்கள், எப்போது வாங்கியது என்று மட்டும் கேட்காமல் யார் என்ன பெயிண்ட் அடித்தது, எந்தப் பார்ட்ஸை எங்கே மாற்றியது என்றும் கேளுங்கள்.

வண்டிக்கு இப்போது ஒலிவ் பச்சைதான் அடித்திருக்கிறேன். டாங்கின் இடது பக்கத்தில் அந்த நம்பர் தெரியும் இடத்தையும், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நீலத்தையும் விட்டு, மேலே வார்னிஷ் மட்டும் பூசியிருக்கிறேன்.