வாசகர் கேள்வி – பதில்: திரைக்குப் போன அம்மாக்கள்

கேள்வி: அன்புள்ள ஐயா, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவலை விடுமுறையில் படித்து முடித்தாள். பிறகு 2023இல் தொடங்கிய தொடரைப் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரே புகார். எனக்கோ தொடரில் வரும் அம்மாதான் நாவலில் இருப்பவரைவிடப் பெரியவராகத் தெரிகிறார். எங்களில் யார் பார்ப்பது சரி?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: அம்மா எவ்வளவு நேரம் வருகிறார் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அம்மா என்ன செய்கிறார் என்று பார்த்தால் உங்கள் மகள் சொல்வது சரி. என் வாக்கு உங்கள் மகளுக்கே.

ரிக் ரியோர்டன் 2005இல் எழுதிய அந்த நாவலில் பெர்சியின் அம்மா சாலி ஜாக்சன், கேப் என்ற சீட்டாட்டப் பைத்தியத்தைத் திருமணம் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் மேல் வீசும் நாற்றம், மகனை மோப்பம் பிடித்து வரும் அரக்கர்களிடமிருந்து மறைக்கிறது. கதையின் முடிவில், பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசாவின் தலை பெர்சியின் வசம் இருக்கிறது. கேப் கை ஓங்கும்போது அம்மா ஒடுங்குவதைப் பார்த்து, அவன் அவளை அடித்து வந்திருக்கிறான் என்பதும் மகனுக்குப் புரிந்துவிடுகிறது. தானே கணக்கைத் தீர்த்துவிடப் பெர்சி தயாராக இருக்கிறான். சாலி அதை ஏற்பதில்லை. தன் வாழ்க்கையைத் தான்தான் வாழ வேண்டும், அதைக் கடவுளோ மகனோ சரிசெய்து தர விட முடியாது என்கிறாள். தலை இருக்கும் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பெர்சி போய்விடுகிறான். பிறகு அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது: கேப்பைக் காணவில்லை, போலீசில் புகார் கொடுத்தாயிற்று, போக்கர் ஆடும் ஒருவனின் ஆளுயரச் சிலையை விற்ற பணத்தில் புது வீட்டுக்கு முன்பணமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்துக்கான கட்டணமும் கட்டியாயிற்று. நடந்தது என்ன என்று ஆசிரியர் ஒரு வரிகூட விளக்குவதில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துத் திகைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

2010இல் வந்த திரைப்படத்தில், எச்சரிக்கைச் சீட்டையும் மீறி கேப் தானாகவே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தலையைப் பார்த்துக் கல்லாகிறான். தொடரிலும் அவனே பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து மாட்டிக்கொள்கிறான். இரண்டு இடத்திலும் சாலியின் கை சுத்தமாகிவிட்டது. சிலையை விற்றுப் படிக்கப் போன பெண்ணும் அதோடு காணாமல் போய்விட்டாள்.

இவ்வளவுக்கும் தொடரை உருவாக்கியவர்களில் ரியோர்டனும் ஒருவர். யாரோ வெளியாள் செய்த வேலை என்று ஒதுக்க முடியாது. தொடரில் கேப் அடிக்கிறவன் இல்லை, எரிச்சலூட்டும் சோம்பேறி மட்டுமே. சாலியும் அவனிடம் வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். அவனை இவ்வளவு இளக்கிய பிறகு, மனைவியே அவனைக் கல்லாக்கினால் பார்ப்பவர்களின் அனுதாபம் அவன் பக்கம் போய்விடும். முதல் மாற்றம் அடுத்த மாற்றத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. ஈடாக அவளுக்கு அருங்காட்சியகத்தில் பெர்சியஸ் சிலையின் முன் மகனுக்குக் கதை சொல்லும் காட்சியும், பெர்சியின் தந்தையான கடல் கடவுள் பொசைடனோடு உணவகத்தில் அமர்ந்து மகனைப் பற்றிக் கலங்கும் காட்சியும் கிடைத்திருக்கின்றன. இரண்டுமே நல்ல காட்சிகள்தான். உங்களைக் கவர்ந்தவையும் அவையாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் அவள் அன்பு காட்டுகிறாள், கவலைப்படுகிறாள். நாவலின் கடைசியில் அவள் எடுத்ததைப் போன்ற ஒரு முடிவை எடுப்பதில்லை.

கேள்வி: படம் எடுப்பவர்கள் ஏன் குறிப்பாக அம்மா பாத்திரத்திலேயே கை வைக்கிறார்கள்? நாவல்களில் அம்மாக்கள் அதிகம் வராததனாலா?
– ஒரு வாசகர், ஜெயநகர்

பதில்: பெரும்பாலும் அதுதான் காரணம். சிறுவர் மாயக்கதை நகர வேண்டுமானால் பிள்ளை வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் மாய உலகத்துக்குக் கொண்டுபோகும் அலமாரிக்குள் நுழையவே விடமாட்டாள். ஆகவே நாவலாசிரியர் அவளை ஓரிரு வரிகளில் ஒதுக்கிவிடுகிறார். 1950இல் வந்த நார்னியா நாவல், விமானத் தாக்குதல் காரணமாகப் பிள்ளைகள் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு உடனே பேராசிரியரின் வீட்டுக்குப் போய்விடுகிறது. 2005ஆம் ஆண்டுப் படமோ குண்டுவீச்சு, பதுங்குமிடம், ரயில் நிலையத்துப் பிரிவு என்று தொடங்குகிறது. மூத்தவன் பீட்டரிடம் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மா வாக்கு வாங்கிக்கொள்கிறாள். அருமையாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்காக அந்தக் காட்சி வைக்கப்படவில்லை. பீட்டரின் தோளில் ஒரு சுமையை ஏற்றுவதற்காக வைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் அவளும் போய்விடுகிறாள்.

எதிர்த்திசையில் போனது 1953ஆம் ஆண்டு டிஸ்னியின் பீட்டர் பேன். ஜே. எம். பேரியின் 1911ஆம் ஆண்டு நாவலில் பிள்ளைகள் பீட்டரோடு பறந்துபோன பிறகு அவர்களின் அம்மா திருமதி டார்லிங் சன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள். அம்மா தன்னை வேண்டாம் என்று சன்னலைச் சாத்திவிட்டதாக மகள் வெண்டி நினைக்கட்டும் என்று பீட்டர் அதைத் தாழிடுகிறான். பிறகு அந்தத் தாயின் கண்ணில் நீரைக் கண்டு மனம் கேட்காமல் திறந்துவிடுகிறான். எனக்குத் தெரிந்தவரை, அந்தப் பையன் பிறருக்காக விட்டுக்கொடுக்கும் மிகப் பெரிய இடம் அதுதான். டிஸ்னி படத்தில் எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடுகின்றது. விருந்திலிருந்து பெற்றோர் திரும்பும்போது வெண்டி சன்னலருகே தூங்கிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் போனதே தெரியாத அம்மா யாருக்காகக் காத்திருப்பாள்? போதாக்குறைக்கு, வானில் மிதக்கும் கப்பலைப் பார்த்து, சிறுவயதில் இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று சொல்லும் கடைசி வாய்ப்பும் அப்பாவுக்கே போய்விட்டது.

கேள்வி: மேரி பாப்பின்ஸ் படத்தில் திருமதி பேங்க்ஸைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடுபவராகக் காட்டியது முன்னேற்றம்தானே? நாவலில் அவர் வெறும் இல்லத்தரசி.
– கல்லூரி மாணவி, ஃப்ரேசர் டவுன்

பதில்: பார்வைக்கு முன்னேற்றம். பி. எல். டிராவர்ஸின் 1934ஆம் ஆண்டு நாவலில் நல்ல வீடா, நான்கு பிள்ளைகளா, இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறது என்று கணவர் சொல்ல, பிள்ளைகளே போதும் என்று ஓட்டை வீட்டில் குடியிருக்கிற, எதற்கும் தடுமாறுகிற பெண் அவள். பிரிட்டனில் 1928லேயே ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்துவிட்டதால், அந்த நாவலின் காலத்தில் அவள் போராட வேண்டிய தேவையும் இல்லை. 1964ஆம் ஆண்டுப் படம் கதையை 1910க்கு நகர்த்தி, நான்கு பிள்ளைகளை இரண்டாக்கி, அவளுக்கு ஒரு போராட்டத்தையும் உற்சாகமான ஒரு பாட்டையும் கொடுத்தது. கணவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவள் போராட்டப் பட்டையை அவசரமாக ஒளித்துவைப்பதையும், கடைசியில் அதே பட்டை பிள்ளைகளின் பட்டத்துக்கு வாலாகக் கட்டப்படுவதையும் கவனியுங்கள். அந்தப் படம் அப்பா திருந்தும் கதை. அவர் திருந்தியதும் அவளுடைய போராட்டத்துக்குப் படத்தில் வேலை இல்லாமல் போகிறது. 2018இல் வந்த தொடர்ச்சியிலாவது ஒரு தாய்க்கு இடம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பேங்க்ஸ் வீட்டு மகன் மைக்கேலின் மனைவி படம் தொடங்கும் முன்பே இறந்துபோயிருந்தாள்.

கேள்வி: கெட்ட அம்மாக்களுக்கு ஒரு சோகக் கதையைச் சேர்த்து நல்லவர்களாக்கிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திரை ஒரு தாய்ப் பாத்திரத்தை உண்மையிலேயே மேம்படுத்திய உதாரணம் உண்டா?
– ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: உண்டு. பிலிப் புல்மனின் மூன்று நாவல்களில் (1995–2000) வரும் திருமதி கூல்டர், குழந்தைகளைக் கடத்தி, அவர்களின் ஆன்மாவாகவே உடன் திரியும் விலங்கை வெட்டிப் பிரிக்கும் நிறுவனத்தை நடத்துகிறவள். நாயகி லைராவைப் பெற்றவளும் அவள்தான். இந்த உறவு வெளிப்படும் விதம் நாவல், படம், தொடர் ஆகிய மூன்றிலும் வேறுபடுகிறது. நாவலில் ஜான் ஃபா என்ற படகுவாசிகளின் தலைவர் லைராவிடம் சொல்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாததால் அவளுக்கு அருவருப்படையவும் யோசிக்கவும் அவகாசம் கிடைக்கிறது. 2007ஆம் ஆண்டுப் படத்தில், வெட்டும் கருவியிலிருந்து மகளைக் காப்பாற்றிய கையோடு கூல்டரே சொல்லிவிடுகிறாள். உண்மை அங்கே ஒரு தூண்டிலாக மாறுகிறது. அந்தக் காட்சியளவில் அது நாவலைவிடக் கூர்மையானது என்பேன். ஆனால் நாவலின் இறுதி அத்தியாயங்களை வெட்டிவிட்டதால், காதலனோடு போக மறுத்து அழுதபடி பின்தங்கும் கூல்டரைப் படத்தில் பார்க்க முடியவில்லை.

2019 முதல் 2022 வரை வந்த தொடரில் ரூத் வில்சன் நடித்த கூல்டர்தான் நான் சொல்ல வந்த உதாரணம். இரண்டாம் பருவத்தில் அவள் நம் உலகத்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, மேரி மலோன் என்ற பெண் விஞ்ஞானியைச் சந்திக்கிறாள். தன் உலகில் பெண் என்பதற்காக மறுக்கப்பட்ட முனைவர் பட்டம் இங்கே ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் சர்வசாதாரணமாக நிற்பதைக் கண்டு அதிர்கிறாள். நாவலில் இல்லாத இந்தக் காட்சி அவளுக்கு ஒரு காரணத்தைத் தருகிறது, மன்னிப்பைத் தருவதில்லை. அதற்குப் பிறகும் அவள் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஒரு மறைவிடத்தில் உறங்கவைத்திருக்கிறாள். இறுதியில் அதே மகளுக்காகப் படுபாதாளத்தில் குதிக்கிறாள். நாவலில் இருந்த இரண்டு முடிவுகளையும் தொடர் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. நீங்கள் சொல்லும் சோகக் கதை வியாதிக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்.

கேள்வி: மாற்றாந்தாய்களைப் படங்கள் எப்படி நடத்துகின்றன?
– ஒரு வாசகி, இந்திரா நகர்

பதில்: விசித்திரமாக. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ஹவுல் நாவலில் ஃபேனி, நாயகி சோபியின் மாற்றாந்தாய். சோபி சந்தேகப்பட்டாலும் கடைசியில் ஓடிவந்து அணைத்துக்கொள்ளும் நல்லவள். மியாசாகியின் 2004ஆம் ஆண்டுப் படத்தில் அவள் பெற்ற தாயாகிவிட்டாள். மிரட்டலுக்குப் பணிந்து மகளின் வீட்டில் உளவுப் பூச்சியை விட்டுச் செல்பவளும் அவளே.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பவர்கள். கலந்துரையாடல் மட்டும் தமிழில். நாவலையும் படத்தையும் சேர்த்துப் பேச ஒரு கதையைச் சொல்லுங்கள். எதை முதலில் தர வேண்டும்?
– ஒரு வாசகி, கோரமங்களா

பதில்: கிரெசிடா கவல் 2003 முதல் எழுதிய டிராகன் வரிசை. அதில் நாயகன் ஹிக்கப்பின் தாய் வல்ஹலராமா உயிரோடுதான் இருக்கிறாள். பெரும் வீராங்கனை என்பதால் சாகசப் பயணங்களில் எப்போதும் வெளியே இருக்கிறாள். 2010ஆம் ஆண்டுப் படம் அவளை இறந்துபோனவளாகக் காட்டியது. 2014இல் வந்த இரண்டாம் படம், டிராகன் ஒன்று தூக்கிச் சென்றதால் இருபது ஆண்டுகள் வெளியே வாழ்ந்த வால்கா என்று அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. படங்களை முதலில் காட்டுங்கள், ஏற்கெனவே பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். பிறகு நாவல்களைக் கொடுத்து, தானாக வீட்டைவிட்டுப் போகும் அம்மாவையும் தூக்கிச் செல்லப்பட்ட அம்மாவையும் பற்றிப் பேசவிடுங்கள். மொத்தம் 12 நாவல்கள்; முதல் இரண்டு போதும். சர்ச் தெருவில் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும்.