தலையில் கட்டிய போன் தள்ளாட்டத்தை அளக்குமா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் உள்காது அழற்சியால் கடுமையான தலைச்சுற்றல் வந்தது. இப்போது பரவாயில்லை. தேறுகிறேனா என்று பார்க்க, போனை நெற்றியில் கட்டிக்கொண்டு அசையாமல் நின்று ஒரு ஆப்பில் அளக்கிறேன். கண்ணை மூடினால் எண் இரண்டு மடங்காகிறது. நாளுக்கு நாளும் மாறுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கண்ணை மூடியதும் ஆட்டம் கூடுவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். துளிகூட அசையாமல் நிற்க யாராலும் முடியாது. நிற்கும்போது உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு ஓயாமல் முன்னும் பின்னும் சாய்கிறது. கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதை இழுத்துப் பிடிக்கின்றன. கண்ணை மூடினால் அதில் ஒன்று போய்விடும். ரோம்பெர்க் சோதனை என்று மருத்துவர்கள் செய்வதும் இதைத்தான். அதிலும் லேசாக ஆடுவதைக் கோளாறாக எடுத்துக்கொள்வதில்லை. கால் பெயர்ந்தாலோ விழப்போனாலோதான் கவனிப்பார்கள்.

நாளுக்கு நாள் எண் மாறுவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது போனை. அதில் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி என்ற உணரிக்குத் தலை நகர்ந்ததா, சாய்ந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. புவியீர்ப்பும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். தலை நிமிர்ந்தபடியே அரை சென்டிமீட்டர் வீச்சில் மூன்று நொடிக்கு ஒருமுறை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் முடுக்கம் சுமார் 0.02 மீ/நொடி². அதே தலை கழுத்தில் வெறும் ஒரு டிகிரி குனிந்தால் போனில் 0.17 ஏறிவிடும், ஏறக்குறைய எட்டு மடங்கு! எச்சில் விழுங்கும்போது முகவாய் லேசாகத் தாழ்ந்தாலே போதும், அன்றைய எண் கெட்டுவிடும்.

அதனால் நான் சொல்வது வீடியோ. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தலையில் எழுதுமுனை ஒன்றைப் பொருத்தி, புகைக்கரி படிந்த தாளில் ஆட்டத்தைக் கோடாகப் பதிந்திருக்கிறார்கள். நகர்வை நேராகவே அளப்பது அந்த முறை, வீடியோவும் அப்படித்தான். தொப்பியில் காதுக்கு மேல் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். போனை உங்களுக்குப் பக்கவாட்டில், பொட்டின் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். பொட்டு இருக்கும் அதே தூரத்தில் ஸ்கேல் ஒன்றும் படத்தில் தெரியட்டும். பிறகு பொட்டு முன்னும் பின்னும் எத்தனை மில்லிமீட்டர் போய்வந்தது என்று பார்த்துக் குறியுங்கள்.

பாதங்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, கண் திறந்து 30 நொடி, மூடி 30 நொடி. இதை மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை உடல் விறைப்பாக இருக்கும், அதை விட்டுவிடலாம். கண் திறந்திருக்கும்போது பார்க்கும் புள்ளி ஒவ்வொரு நாளும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். புள்ளி கிட்டே வந்தால் ஆட்டம் குறையும், தள்ளிப் போனால் கூடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நேரமும் தரையும் மாறக்கூடாது. வாரம் ஒருமுறை போதும். மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சுவர் மூலைக்கு முதுகு காட்டி நில்லுங்கள், எதிரே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். மெத்தென்ற பஞ்சுத் திண்டின் மேல் கண் மூடி நிற்கும் சோதனையைத் தனியாக முயலவே வேண்டாம். அப்போது பாதத்தின் உணர்வும் மங்கி, ஏற்கெனவே அடிபட்ட உள்காதையே முழுக்க நம்பி நிற்க வேண்டியிருக்கும். அதை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்யுங்கள். தள்ளாட்டத்தோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என எது திடீரென வந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.