மூன்றாம் நாளே லோக்கல் நிற்குமா? எண்ணெய்ப் பஞ்ச நாவல்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் அறிமுகம் செய்த எண்ணெய்ப் பஞ்ச நாவல் நிறையப் பேரை உசுப்பிவிட்டிருக்கிறது. வளைகுடாவிலிருந்து கச்சா எண்ணெய் வருவது நின்றுபோகிறது. 3-ஆம் நாள் மும்பை லோக்கல் ரயில் நிற்க, 5-ஆம் நாள் ஊரே இருட்டு. கதாநாயகன் மாடியில் பதுக்கிய பெட்ரோலோடு நாசிக்குக்குத் தப்புகிறான். கதைச்சுருக்கம் இவ்வளவுதான். வந்த கேள்விகளில் சில:

எண்ணெய் வராவிட்டால் 3-ஆம் நாளே லோக்கல் நின்றுவிடுமா?
(மாட்டுங்கா வாசகர்)

நிற்காது. லோக்கல் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரத்தில். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது; எண்ணெயை எரித்து எடுப்பது சொற்பம். கரி ஏற்றிவரும் சரக்கு ரயிலுக்கும் இப்போது பெரும்பாலும் மின்சார இன்ஜின்தான்.

அதற்காக ஆசிரியரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து கரியை மேலே கொண்டுவரும் டம்பர் லாரி டீசல் குடிக்கிறது. அனல்மின் நிலையத்தில் அணைந்த பாய்லரைப் பற்றவைக்க எண்ணெய் வேண்டும். மின் தேவை குறைந்து உலை மெதுவாக எரியும்போது சுடர் அணையாமல் பிடித்துவைப்பதும் எண்ணெய்தான். ஆக, இருட்டு இந்த வழியாகத்தான் வரும், அதுவும் சில வாரம் கழித்து.

முதல் அடி விழுவது லாரிக்கு. நாசிக் பக்கத்து லாசல்காவ் வெங்காயம் நவி மும்பையின் வாஷி மண்டிக்கு வர 200 கிலோமீட்டருக்கு மேல். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். போக வர சுமார் 100 லிட்டர் ஆகும். டேங்கில் ஏற்கெனவே டீசல் இருப்பதால் முதல் இரண்டு நாள் மண்டியில் ஒன்றும் தெரியாது. ஆனால் திரும்பிவர டீசல் கிடைக்குமா என்ற சந்தேகம் எழுந்த அன்றே லாரிக்காரர் வண்டியை எடுக்க மாட்டார். கையிருப்பு தீர்வதற்கு முன்பே வண்டி நின்றுவிடும். நாவலாசிரியர் தொடாமல் விட்ட இடம் இது. வெங்காயம் சில வாரம் தாங்கும். பாலும் கீரையும் தாங்காது. மீன்பிடித் துறையான சசூன் டாக்கில் ஐஸ் கிடைக்கும், படகுக்கு டீசல் கிடைக்காது.

பீதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்க்கை நம்பி 2,000 பைக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பாதி டேங்கோடு திரிகிறவர்கள் ஒரே நாளில் ஆளுக்கு 5 லிட்டர் கூடுதலாக நிரப்பினால் 10,000 லிட்டர். யாரும் ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாக ஓட்டவில்லை, பங்க் காலி. 2000 செப்டம்பரில் பிரிட்டனில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் சுத்திகரிப்பு ஆலை வாசல்களை மறித்தபோது சில நாளிலேயே பெரும்பாலான பங்க்குகள் வறண்டன. அப்போது அந்த நாட்டில் எண்ணெய்க்கு ஒரு குறையும் இல்லை.

வில்லன் மாஹுல் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வை மூடுகிறான். மறுநாள் திறந்ததும் பெட்ரோல் பாய்கிறது. சாத்தியமா?
(செம்பூர் வாசகி)

அது என்ன தெருக்குழாயா! கச்சா எண்ணெயை உலையில் ஏறக்குறைய 350 டிகிரிக்குச் சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மேலே காஸும் நாப்தாவும், நடுவில் மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார்க் கசடு என்று பிரியும். திடீரென நின்றால் உள்ளே இருக்கும் வாயுவை ஃபிளேர் என்ற உயரக் குழாயின் நுனியில் எரித்தே ஆகவேண்டும்; செம்பூர்க்காரரான உங்களுக்கு அந்த நெருப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கசடு குழாயிலேயே ஆறினால் இறுகி அடைத்துக்கொள்ளும். அதனால் நிறுத்தும்போது லேசான எண்ணெய் விட்டுக் கழுவி, குழாயை நீராவியால் சூடாக வைப்பார்கள். மறுபடி கிளப்ப நாள்கணக்கில் ஆகும்.

இன்னொன்று: 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் சூப்பர் டேங்கர் கப்பல் கேட்வே ஆஃப் இந்தியா எதிரே நங்கூரமிடும் காட்சி. நிறைபாரத்தில் அதற்கு 20 மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். மும்பைத் துறைமுகத்தில் எண்ணெய் இறக்கும் ஜவஹர் தீவுக்கு வருவது அதைவிடச் சிறிய கப்பல்தான்.

இரண்டு வருடம் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்த 200 லிட்டர் பெட்ரோலில் கார் ஓடுமா?
(டோம்பிவிலி வாசகர்)

ஓடினாலும் திக்கித் திணறித்தான். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் வண்டியைச் சட்டென்று ஸ்டார்ட் செய்ய உதவுவது. முதலில் பறந்துபோவதும் அதுதான். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிறது: நிறம் தேன்போல் மாறி, வார்னிஷ் வாடை அடித்தால் ஊற்றாதீர்கள், இன்ஜெக்டர் அடைக்கும். போதாததற்கு இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அடியில் இருப்பதைத்தான்.

சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் லைசென்ஸின்றி வைத்திருக்கலாம் என்பது 30 லிட்டர். அதுவும் 25 லிட்டருக்கு மிகாத, இறுக மூடிய உலோக கேனில். அந்த 30 லிட்டரையும் சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) மாடியில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மாடியில் கசிந்தது படிக்கட்டு வழியாக இறங்கி லிஃப்ட் குழிக்குள் தேங்கும். லிஃப்ட் மோட்டாரோ சுவிட்சோ ஒரு பொறி விட்டால் போதும்.

இத்தனைக்கும் மும்பையிலிருந்து நாசிக் 170 கிலோமீட்டர்தான். லிட்டருக்கு 15 கொடுக்கும் சின்ன காருக்கு 12 லிட்டர் போதும். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருந்தாலே கதாநாயகன் தப்பித்திருப்பான்.

ஆட்டோவெல்லாம் ஒரே இரவில் மாயமாகிறதே?
(தாராவி வாசகர்)

மும்பை ஆட்டோ ஓடுவது சி.என்.ஜி.யில். அதற்கும் ஆபத்து வரலாம்தான், ஆனால் அது கச்சா எண்ணெய் வழியாக அல்ல.

தண்ணீர்?
(முலுண்ட் வாசகி)

மும்பைக்கு வரும் வைதரணா, தான்சா ஏரித் தண்ணீர் பெரும்பாலும் சரிவிலேயே வந்துவிடும். பாத்சா தண்ணீரைப் பிசேயில் பம்ப் வைத்து ஏற்றவேண்டும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் சிலிண்டர் லாரியில் வருகிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

சொசைட்டிக்குள் சிக்கல் வேறு. 3 எச்.பி. மோட்டார் ஏழு மாடிக்கு மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் ஏற்றும். ஜெனரேட்டர் அதற்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் கேட்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் ஆறு மடங்கு வரை கரண்ட் இழுப்பதால் 5 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும், 10 கே.வி.ஏ. வேண்டும். பெரும்பாலும் கைவிடுவது டீசல் அல்ல, ஜெனரேட்டரைக் கிளப்பும் பேட்டரி. மாதம் ஒருமுறை லோடோடு 20 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். டீசல் டேங்கின் அடித்தண்ணீரையும் வடித்துவிடுங்கள். எண்ணெயும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து, கொழகொழவென்று ஃபில்டரை அடைக்கும்.

அரசிடம் 90 நாள் சேமிப்பு இருப்பதாக நாவலில் வருகிறதே?
(அந்தேரி வாசகர்)

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலத்தடிக் கிடங்குகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன், நிரம்பியிருந்தால் நாட்டின் தேவைக்கு 9 நாள் சொச்சத்துக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்தக் கையிருப்பு தனி. கிடங்கில் இருப்பது கச்சா, அதை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது.

கடைசி அத்தியாயத்தில் விறகு வாயுவில் கார் ஓட்டுகிறார்களே, புளுகுதானே?
(ஆண்டாப் ஹில் வாசகர்)

புளுகு இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் நாட்டிலும் கரிவாயு பஸ் ஓடியது. உலர்ந்த விறகு மூன்று கிலோ என்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. விறகை விரலளவு துண்டாக்கி, மூடிய உலையில் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவை ஆறவைத்து வடிகட்டி இன்ஜினுக்கு விடவேண்டும். ஈர விறகு போட்டால் தார் வந்து வால்வில் ஒட்டும். வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாடையே கிடையாது. அறைக்குள் உலையைப் பற்றவைத்தால் பற்றவைத்தவர் எழுந்திருக்க மாட்டார். பழைய கார்புரேட்டர் வண்டிக்குத்தான் இது எளிது. சக்தி மூன்றில் ஒரு பங்காவது குறையும், ஆகவே நாசிக் வழியில் உள்ள கசாரா மலைப்பாதை ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி, உலையைக் கிளறி, விறகை நிரப்பிக்கொள்ளவேண்டும்.