மக்காச்சோள வேரில் முடிச்சைத் தேடாதீர்கள்

கேள்வி: வேப்பந்தட்டை பக்கம் கரிசல் காட்டில் இரண்டு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறேன். போன புரட்டாசியில் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் நாலு பொட்டலம் வாங்கி, அடியுர டிஏபியோடு கலந்து போட்டேன். நாற்பதாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. பக்கத்துக் காட்டுக் கடலையில் கொத்துக் கொத்தாக இருக்கிறது. பொட்டலம் போலியா? ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, இரண்டு மூட்டை யூரியா போடுகிறேன். உயிர் உரம் போட்டால் யூரியாவை நிறுத்திவிடலாமா? மெக்சிகோவில் காற்றிலிருந்தே தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும் மக்காச்சோளம் இருக்கிறதாமே?

பதில்: முடிச்சு இல்லை என்பதை வைத்துப் பொட்டலத்தைப் போலி என்று சொல்ல முடியாது ஐயா. கடலை, உளுந்து வேரில் முடிச்சு போடுவது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். அசோஸ்பைரில்லம் வேறு சாதி. அது வேரின் மேலேயும் ஓரத் திசுக்களிலும் ஒட்டிக்கொண்டு, வேர் கசியவிடும் சத்தைத் தின்று வாழும். மக்காச்சோளத்தில் எத்தனை பொட்டலம் போட்டாலும் முடிச்சு வராது. அடுத்த முறை செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து லேசாக உதறிப் பாருங்கள். வேரெல்லாம் மண் உறை போட்டது போல ஒட்டி நின்றால், சல்லிவேரும் வேர்த்தூவியும் நன்றாக ஓடியிருக்கின்றன என்று பொருள். இந்த நுண்ணுயிர் சுரக்கும் வளர்ச்சி ஊக்கிதான் வேரை அப்படிக் கிளைக்க வைக்கிறது. மானாவாரிக்காரருக்கு, அது காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்தைவிட இந்த வேர்தான் பெரிய லாபம் என்பேன். மழை பத்து நாள் தள்ளிப்போகும்போது வித்தியாசம் தெரியும்.

தவறு நடந்தது கலந்த இடத்தில். டிஏபி உப்புச் சரக்கு. அதோடு நேராகப் பிசைந்தால் நுண்ணுயிர் பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். அளவும் பாதிதான், நாலு பொட்டலம் ஒரு ஏக்கருக்கு உரியது. 200 கிராம் பொட்டலம் நாலை, 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண்ணோடு கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலம் விதை வரிசையில் தூவி மண்ணால் மூடுங்கள். டிஏபியைத் தனியாக, விதைக்குச் சற்றுத் தள்ளி ஆழத்தில் விடுங்கள்.

விதை நேர்த்தி செய்யலாமே என்பீர்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை ரோஸ் கலரில் வருகிறதல்லவா? அது பூஞ்சாணக்கொல்லி, பூச்சிமருந்து பூசியது. அதன் மேலேயே நுண்ணுயிரைப் பூசினால் எவ்வளவு தங்கும் என்று சொல்ல முடியாது. பூசாத விதையென்றால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து தடவி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ரோஸ் விதைக்கு மண்ணில் இடுவதே மேல்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். பொட்டலத்தில் இருக்கும் கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி. நுண்ணுயிருக்கு அது வெறும் வீடுதான். தூள் கையில் ஈரமாகப் படவேண்டும். வெயில் படும் கடை வாசலில் கிடந்து மாவு போலக் காய்ந்ததை வாங்காதீர்கள்.

யூரியாவை நிறுத்தவே கூடாது. ஒரு டன் மணி விளைய பயிர் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து எடுக்கிறது. உங்கள் கணக்கில் ஏக்கருக்கு டிஏபியில் 9 கிலோ, யூரியாவில் 41 கிலோ, ஆக 50 கிலோ போகிறது. உயிர் உரத்தை ஒழுங்காக இட்டால் இதில் கால் பங்கு வரை குறைக்கலாம். முதல் வருடம் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா மட்டும் குறையுங்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைக்கும்போது மிச்சம் பெரிய பணமில்லைதான். ஆனால் தேவைக்கு மேல் யூரியா கொட்டிய மண்ணில் இந்த நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது அது ஏன் உழைக்க வேண்டும்? மீதி யூரியாவையும் ஒரே மூச்சில் போடாமல் 25ஆம் நாளும் 45ஆம் நாளும், மண்ணில் ஈரம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். நாலு பாரில் மட்டும் உயிர் உரம் போடாமல் விட்டு, அறுவடையில் கதிரை எடை போட்டுப் பாருங்கள். உங்கள் காட்டுக்கு உங்கள் தராசு சொல்வதே கணக்கு.

மெக்சிகோ சேதி உண்மை. ஒஹாக்கா மலைப்பகுதி நாட்டு மக்காச்சோளம் அது. தண்டில் தொங்கும் விழுதுவேர்களில் கோழை போல ஒரு பசை வடிகிறது, அதற்குள் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடிக்கின்றன. செடிக்கு வேண்டியதில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்து வந்ததாக 2018இல் ஆய்வு வெளியானது. ஆனால் அந்த மக்காச்சோளம் விளைய எட்டு மாதம் பிடிக்கும், ஈரக்காற்றும் வேண்டும். நமது நூறு நாள் பட்டத்துக்கு உதவாது.

முடிச்சைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் காட்டைச் சுற்றி வரப்போரம் தட்டைப்பயறு போடுங்கள். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்காகவும் அதை வரப்புப் பயிராகச் சொல்கிறோம். அதற்கு ரைசோபியம் பொட்டலம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பூக்கும் சமயத்தில் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.