கிராமத்து மருத்துவமனை நடத்துபவர்கள் கேட்டவை

கேள்வி: எங்களுடையது 30 படுக்கை மருத்துவமனை. நன்கொடை வந்திருக்கிறது. வென்டிலேட்டர் வாங்கலாமா டாக்டர்?

பதில்: நைட் டியூட்டியில் அதைக் கையாளப் பழகிய நர்ஸ் இருக்கிறாரா? கரன்ட் போனால் ஜெனரேட்டர் தாங்குமா? ரிப்பேருக்கு ஆள் எப்போது வருவார்? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், நன்கொடையாளரிடம் பேசி அந்தப் பணத்தை நர்ஸ் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: கருவிகள் கூடக் கூட நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதே குறைகிறது. தலைமை மருத்துவர் என்ன செய்ய முடியும்?

பதில்: 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். காசநோய் என்று தெரிந்ததும் நர்ஸே உயரம், எடை பார்த்து, மூச்சை எண்ணி, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார். கால் வீங்கியிருக்கிறதா, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, நிற்க முடியாவிட்டாலோ அட்மிஷன்தான். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 14, அதற்கும் கீழே என்றாலும் அப்படித்தான். சில நிமிட வேலை. ஆனால் "கூலி போயிடும், நாளைக்கு வரேன்" என்பவரிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். அவருக்குப் படுக்கையும், கூட வந்தவருக்குச் சாப்பாடும் தயாராக இருக்க வேண்டும். அதுதான் தலைமை மருத்துவர் வேலை.

கேள்வி (செவிலியர்): இதையே நோட்டில் எழுதி, ஆப்பில் ஏற்றி, மாதக் கடைசியில் ரிப்போர்ட்டும் போடுகிறோம். நோயாளியிடம் பேச நேரம் எங்கே டாக்டர்?

குறுக்கே இன்னொருவர்: பதிவு இல்லாவிட்டால் மருந்தைப் பாதியில் விட்டவரை யார் தேடிப் போவது? பதிவும் கவனிப்புதான்.

பதில்: பதிவு வேண்டும் சார், மறுக்கவில்லை. ஆனால் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுத வைப்பது நிர்வாகத்தின் குற்றம். அந்தத் தங்கை கேட்பது நியாயம். உங்கள் கையில் இருப்பதில் ஒன்றையாவது இந்த வாரமே நிறுத்துங்கள்.

கேள்வி: டிஜிட்டல் எக்ஸ்ரே வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ரிப்பேருக்கு யார்?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, கால் புண் ஆறவில்லை.

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: வீடியோவில் டாக்டர் பார்ப்பது ஜனங்களை ஏமாற்றுவது இல்லையா?

பதில்: திரையை மட்டும் வைத்தால் ஏமாற்றுதான். அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து விவரம் அனுப்பிய பிறகே மருத்துவர் வீடியோவில் பேசுகிறார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே முடிந்துவிடும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். நீங்கள் தொடங்குவதானால் முதலில் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கேமரா அப்புறம் வாங்கலாம்.